உள்ளே ஜெனோவா பேசிக்கொண்டிருக்கிறாள்

கதவைச் சாத்திவிட்டார்கள். சாத்தியது என் வீட்டுக்காரி ஜெனோவாதான். சாத்தும்போது என்னை ஒரு தடவை பார்த்தாள். கோபமும் இல்லை, பரிதாபமும் இல்லை. கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வரும்போது ‘கொஞ்சம் தள்ளிக்கிடுங்க’ என்பாளே, அந்தப் பார்வைதான். நான் தள்ளிக்கொண்டேன். என் ஐஸ் கம்பெனி ஆபீஸ் ரூமில், நான் வாங்கிப் போட்ட நாற்காலிகளில், எனக்குக் கடன் கொடுத்தவர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். நான் வெளியே உப்புத் தண்ணீர்த் தொட்டியை மூடியிருக்கும் பலகைமேல் வந்து உட்கார்ந்திருக்கிறேன். எனக்குக் கீழே வரிசை வரிசையாகத் தகர டின்களில் நல்ல தண்ணீர் ஐஸாக இறுகிக்கொண்டிருக்கிறது. குளிர் பலகை வழியாக ஏறி வேட்டிக்குள் வருகிறது. மேலே ஷீட் கூரையில் தூத்துக்குடி வெயில் காய்கிறது. உச்சந்தலையில் சூடும் உட்கார்ந்த இடத்தில் குளிருமாக நான் நடுவில் இருக்கிறேன். இப்படி உட்கார்வது பழைய பழக்கம்தான், ஆனால் முன்னெல்லாம் வேலைக்கு நடுவில் உட்கார்வேன். இன்று எனக்கு வேலை இல்லை. உள்ளே போகாமல் இருப்பதுதான் இன்றைக்கு என் வேலை. அதையும் ஒழுங்காகச் செய்துவிடுவேனா என்று சந்தேகமாக இருக்கிறது, கால் அந்தக் கதவுப் பக்கமே திரும்பித் திரும்பி நிற்கிறது. இரண்டு கம்ப்ரசரும் ஓடுகிற இரைச்சலில் ஒரு சொல்கூட வெளியே வரவில்லை. சோலைமலை பேசுகிறானோ? மதுரையில் கேஸ் ஏஜென்சி வைத்திருக்கிறவன், இந்த மெஷின்களுக்கு வேண்டிய அமோனியா சிலிண்டரெல்லாம் அவன் கொடுத்ததுதான், வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவன். போனில் அவன் சொன்னது இன்னும் காதுக்குள் கிடக்கிறது. “அண்ணே, தப்பா நினைக்காதீங்க. நீங்க சொல்ற தேதிய நம்பி நான் இனிமே பஸ் ஏற மாட்டேன். அக்கா பேசுறாங்கன்னா சொல்லுங்க, வர்றேன்.” தப்பாக நினைக்காதீங்க. எப்படி நினைப்பது, அவன் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது?

போன வாரம் ஆடிட்டர் சிவஞானம் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சொன்னபோது நான் மஞ்சக் கடுதாசி பற்றித்தான் கேட்டேன். வாய் தவறித்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன், அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. வியாதியின் பெயரைச் சொல்லாமல் ‘அது’ என்பார்களே, அப்படித்தான். “குடுத்துரலாமா சார்?” என்றேன். அவர் மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். “அது கடைசிக் கதவு. தொறந்து உள்ள போயிட்டா திரும்பி வர முடியாது. கோர்ட்டு ஆள் போடும், சாமானெல்லாம் ஏலம் போவும், உங்களுக்கும் ஒண்ணும் மிஞ்சாது, அவங்களுக்கும் அரைகுறைதான். அதுக்கு முன்னால எத்தனையோ கதவு இருக்கு சார், ஒண்ணையாவது தட்டிப் பாத்தியளா?” பிறகு அவர் சொன்னதெல்லாம் ஜெனோவாவைப் பார்த்துத்தான். எல்லாரையும் ஒரே நாளில் ஒரே ரூமில் உட்காரவைக்க வேண்டும், தனித்தனியாகப் பேசினால் ஒருவன் பயந்து கேஸ் போடுவான், அவனைப் பார்த்து மற்றவர்களும் ஓடுவார்கள். இருப்பதை மறைக்காமல் எடுத்து வைக்க வேண்டும். தேவையில்லாததை நாமே நல்ல விலைக்கு விற்றுப் பங்கு வைத்துக் கொடுக்க வேண்டும், மிச்சத்துக்கு வட்டியைக் குறைத்துத் தவணை கேட்க வேண்டும். நம்பிக்கை இல்லையென்றால் கணக்கை அவர்களே வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்ல வேண்டும். “கம்பெனி ஓடினாத்தான் அவங்க காசு வரும். ஓடுற கம்பெனியக் கொன்னு எடுத்தா எலும்புதான். இதை அவங்க வாயால சொல்ல வைக்கணும்.” ஜெனோவா தலையாட்டினாள். அவள் அப்போதே தயாராகிவிட்டாள், எனக்குத்தான் தெரியவில்லை. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சிவஞானம் என் தோளைத் தொட்டார். “நீங்க அன்னைக்கு உள்ள வராண்டாம் சார். நீங்க நல்ல மனுஷன். யார் என்ன கேட்டாலும் சரின்னுருவிய.”

நல்ல மனுஷன். தொம்மை முதலாளியையும் அப்படித்தான் சொன்னார்கள். இந்த நினைப்பு வரக்கூடாது என்றுதான் காலையிலிருந்து வேறு எதையெதையோ நினைத்துக்கொண்டிருந்தேன், இருந்தாலும் வந்துவிட்டது. தொம்மை முதலாளி, கடற்கரை ரோட்டில் அப்போது பெரிய ஐஸ் கம்பெனி வைத்திருந்தவர். நான் அங்கே ஆபரேட்டராகச் சேர்ந்தபோது மீசை முளைத்துக்கொண்டிருந்தது. கம்ப்ரசருக்கு எண்ணெய் விடுவது, பெல்ட்டைப் பார்ப்பது, குழாயில் பூத்திருக்கும் பனியை வைத்தே உள்ளே எவ்வளவு குளிர் இருக்கிறதென்று சொல்வது எல்லாம் அங்கே படித்ததுதான். வெள்ளைச் சட்டையும் தங்கப் பொத்தானும் போட்டுக்கொண்டு, வாயில் கிராம்பு மென்றுகொண்டே வருவார். “லேய் ரெமிஸ், மெஷினு என்ன சொல்லுது?” என்பார். ‘நல்லாயிருக்குன்னு சொல்லுது முதலாளி’ என்பேன். தினமும் அதே கேள்வி, அதே பதில். ஒரு நாள் அவர் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டார் என்று டீக்கடையில்தான் கேட்டேன். எனக்குச் சம்பள பாக்கி இருந்தது, உப்பு போட்டவருக்கும் டீசல் ஊற்றியவருக்கும் பாக்கி இருந்தது, யாருக்கும் ஒன்றும் பெரிதாகக் கிடைக்கவில்லை. கோர்ட் ஆள் வந்து பூட்டுப் போட்டார். தொட்டியில் இருந்த ஐஸ் அப்படியே உருகித் தண்ணீராயிற்று, டின்கள் துருப்பிடித்தன, கடைசியில் எல்லாவற்றையும் இரும்பு விலைக்கு ஏலம் போட்டார்கள். அந்த ஏலத்தில்தான் நான் அவருடைய கம்ப்ரசரை எடுத்தேன். ஜெனோவாவின் சங்கிலியை வைத்து எடுத்தேன். அதோ, இடது பக்கம் பச்சை பெயின்ட் உரிந்து ஓடிக்கொண்டிருக்கிறதே, அதுதான். அதற்குப் பிறகு தொம்மை முதலாளியை மார்க்கெட்டில் பார்த்தேன். வாழைக்காய்க் கடையில் நின்றவர் என்னைக் கண்டதும் சட்டென்று குனிந்து வாழைக்காயை ஒவ்வொன்றாக நோண்டிப் பார்க்க ஆரம்பித்தார். காய் வாங்குகிறவர் மாதிரி இல்லை. நான் வணக்கம் சொல்லாமல் கடந்துபோனேன், சொல்லாமல் போவதுதான் மரியாதை என்று அப்போது தோன்றியது. கோயிலில் காலைப் பூசைக்கு வருகிறவர் பிறகு கூட்டமே இல்லாத மத்தியானப் பூசைக்கு மாறிவிட்டார். ஒரு தடவை மட்டும் இங்கே வந்தார். சட்டையில் பொத்தான் பிளாஸ்டிக்காக இருந்தது. நேரே தன் மெஷினிடம் போய்க் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். “பெல்ட்டு மாத்தினியாலே?” என்றார். மாத்தினேன் முதலாளி என்றேன். “நல்லது” என்றார், போய்விட்டார். டீ குடிக்கக்கூட நிற்கவில்லை. நானும் இனி யார் கம்பெனிக்காவது போய் என் மெஷின்மேல் கை வைத்து நிற்பேனோ?

யாரோ நாற்காலியைத் தரையில் இழுக்கிற அதிர்வு பலகை வரைக்கும் வந்தது. எழுந்துவிட்டான், சோலைமலைதான் எழுந்துவிட்டான், வாசலுக்கு வரப்போகிறான், கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லப்போகிறான். கதவு திறக்கவில்லை. ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன். உப்புக்கார தங்கையா அண்ணாச்சி நாற்காலியை ஃபேனுக்குக் கீழே தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். அவருக்கு வியர்த்தால் ஆகாது. முதன்முதலாக எங்களுக்கு உப்பு கடன் கொடுத்தவர் அவர்தான், லாரியில் இருந்து மூட்டை இறக்கும்போது ‘காசப் பத்தி யோசிக்காம மெஷின ஓட்டும்’ என்றார். அந்தச் சொல்லை நான் ரொம்ப வருஷம் அப்படியே கடைப்பிடித்துவிட்டேன். பேங்கிலிருந்து வந்த அந்த மேடம் எதையோ கால்குலேட்டரில் தட்டுகிறார். ஜெனோவா நின்றுகொண்டு பேசுகிறாள். எல்லாரும் உட்கார்ந்திருக்க அவள் மட்டும் ஏன் நிற்கிறாள்? உட்காரச் சொல்லவில்லையா? உட்காரு என்று நான் சொல்வதற்கு இங்கிருந்து குரல் போகாது. நீலச் சேலை கட்டியிருக்கிறாள், செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நிற்கிறாள்.

கல்யாணமான புதிதில் அவளை ஐஸ் கம்பெனி காட்டக் கூட்டிக்கொண்டு போனது ஞாபகம் வருகிறது. தொம்மை முதலாளி கம்பெனிதான். ஆனி மாத வெயில், ரோட்டில் தார் இளகிக் கிடந்தது. அவள் மணப்பாட்டுக்காரி, ஐஸை மீன்பெட்டியில் நொறுங்கின துண்டாகத்தான் பார்த்திருக்கிறாள். தொட்டிமேல் வெறுங்காலோடு ஏறி நின்றவள் சட்டென்று ஒரு காலைத் தூக்கினாள், பிறகு மறு காலைத் தூக்கினாள். “சுடுதுங்க” என்றாள். குளிரைச் சுடுகிறது என்று சொன்னவளைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, இவள் சொல்வது சரிதானே என்று தோன்றியது. கொக்கியால் பலகையை விலக்கி ஒரு டின்னைத் தூக்கித் தண்ணீரில் முக்கிக் கவிழ்த்தேன். ஐஸ் பாளம் வழுக்கிக்கொண்டு வந்து அவள் காலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றது. ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி, நடுவில் மட்டும் வெள்ளையாக ஒரு தண்டு. “உள்ள என்ன, தேங்காயா?” என்றாள். காற்று என்றேன். தண்ணீர் ஓரத்திலிருந்து உறைந்துகொண்டே வரும், உள்ளேயிருக்கிற காற்று நடுவில் போய் ஒதுங்கிக்கொள்ளும் என்று சொன்னேன். அவள் கன்னத்தை அந்தப் பாளத்தின்மேல் வைத்தாள். யார் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்கவில்லை. எடுக்கும்போது கன்னம் சிவந்திருந்தது. எனக்கு இன்றைக்கும் சந்தோஷம் என்று யாராவது சொன்னால் அந்தச் சிவந்த கன்னம்தான் வருகிறது. சொந்தக் கம்பெனி திறந்தது வரவில்லை, பெரிய வீடு கட்டியது வரவில்லை, கார் வந்த நாள் வரவே இல்லை. எங்கள் கம்பெனிக்கு ஊர்ப் பெரிய கோயில் மாதா பேரில் பனிமாதா ஐஸ் என்று பெயர் வைத்தது அவள்தான். ‘இந்த ஊர்ல பனியப் பாத்தவங்க யாரும் இல்ல, ஆனா பேரு எல்லாருக்கும் தெரியும்’ என்றாள். முதல் டின் எடுத்தபோது ஐஸ் துருக்கலரில் வந்தது. கழுவாத டின். விற்கக்கூடாது என்றாள். அதை உடைத்து ஒரு வாளியில் போட்டு அதற்குள் நன்னாரி சர்பத் பாட்டில்களைச் சொருகி வைத்து, கொத்தனார், எலெக்ட்ரீஷியன், உப்பு இறக்க வந்தவர்கள் எல்லாருக்கும் அவளே ஊற்றிக் கொடுத்தாள். கூலி பாக்கி இருந்தது, யாரும் கேட்கவில்லை. அன்றைக்கும் நாங்கள் கடனில்தான் இருந்தோம். ஆனால் அது வேறு கடன். கொடுத்தவர்களும் எங்களோடு நின்று சர்பத் குடித்தார்கள்.

எங்கே மாறியது? சாளை வருஷத்தில்தான். அந்த வருஷம் கடல் முழுக்கச் சாளை மீனாக இருந்தது, கரைக்கு வந்த படகில் நிற்க இடமில்லை, ஐஸ் இல்லாமல் மீன் அழுகியது. படகுக்காரர்கள் இந்த வாசலில் வந்து நின்று ‘ரெமிஸண்ணன், ரெமிஸண்ணன்’ என்று கூப்பிட்டார்கள். ஒரு பாளத்துக்கு ரெண்டு பேர் இழுத்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் கூப்பாடு எனக்குப் போதை மாதிரி ஏறிவிட்டது. அடுத்த வருஷமே பேங்கில் கடன் வாங்கி, வெளியில் கடன் வாங்கி, பக்கத்து இடத்தை வாங்கி ஷெட் போட்டேன். கோயம்புத்தூரிலிருந்து லாரியில் புது கம்ப்ரசர் வந்திறங்கியது. மாலை போட்டோம், சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். ஜெனோவா மட்டும் சிரிக்கவில்லை. “இது ஓடணும்னா தெனமும் சாளை படணும்” என்றாள். நல்ல நாளில் இப்படிப் பேசுகிறாளே என்று அன்றைக்கு எனக்குக் கோபம். சாளை மறுபடி அப்படி வரவில்லை. பெரிய படகுகள் வந்தன, அவர்களுக்குத் தூள் ஐஸ்தான் வேண்டுமாம், புதிய கம்பெனிக்காரன் குழாய் வழியாகப் படகிலேயே கொட்டுகிறான். மீன்பிடித் தடைக்காலத்தில் படகெல்லாம் கட்டிக் கிடக்கும்போதும் கரண்டு பில் வந்துகொண்டேயிருந்தது. புது மெஷினை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று ஓட்டினேன். அந்தச் சத்தம் கேட்டால்தான் கம்பெனி நன்றாக இருக்கிறது என்று ரோட்டில் போகிறவன் நினைப்பான் என்று ஓட்டினேன். இப்போதும் ஓடுகிறது. டின் பாதிக்கு மேல் காலி, யாருக்காக ஓடுகிறது? மெஷினு என்ன சொல்லுது ரெமிஸ்? தெரியவில்லை முதலாளி. ரொம்ப நாளாக நான் காது கொடுத்துக் கேட்கவில்லை.

கதவு திறந்தது. நான் எழுந்துவிட்டேன். முதலில் பேங்க் மேடம் வந்தார், எனக்குத் தலையசைத்துவிட்டுச் செருப்பு மாட்டினார். சிவஞானம் வெளியே வந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆடிட்டர் முகம். தங்கையா அண்ணாச்சி நேரே என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவர் உள்ளங்கை ஈரமாக இருந்தது. “வீட்டம்மா நல்லாப் பேசுதாவ” என்றார். கடைசியாகச் சோலைமலை. என் முன்னால் வந்து நின்றான். “அண்ணே, அக்கா ஒரு ஏலம் பத்திச் சொன்னாங்க. பழைய முதலாளி ஒருத்தர் கம்பெனிய ஏலம் விட்டதுல உங்க சம்பளமே வரலைன்னு. நான் அத யோசிச்சுப் பாக்கல. எங்கப்பாவும் அப்படி ஒரு மில்லுல வேல பாத்தவருதான்.” புது மெஷின் பக்கம் திரும்பிப் பார்த்தான். “பரமக்குடிப் பக்கம் ஒருத்தர் மெஷின் தேடிக்கிட்டிருக்காரு. நானே கூட்டிட்டு வர்றேன். நல்ல வெலைக்கு முடிச்சுத் தர்றேன்.” எந்த மெஷின் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

எல்லாரும் போன பிறகு ஜெனோவா வந்து பலகையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். களைப்பாக இருந்தாள். இத்தனை வருஷத்தில் இவளை இவ்வளவு களைத்து நான் பார்த்ததில்லை.

“மஞ்சக் கடுதாசி இல்ல” என்றாள்.

அவள் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள், நிறுத்தினால் என் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ. “புது மெஷினும் புது ஷெட்டும் விக்கணும். வர்ற காச அவங்கவங்க கடனுக்குத் தக்கனப் பிரிச்சுக்கிடுவாங்க. மிச்சத்துக்கு நாலு வருசம் தவணை. அண்ணாச்சியும் சோலைமலையும் இதுவரைக்கும் ஏறின வட்டிய விட்டுட்டாங்க. பேங்கும் தவணைய மாத்தி எழுதித் தருது, மேலிடத்துல கேட்டாச்சு. மாசா மாசம் அண்ணாச்சி வந்து கணக்கப் பாப்பாவ.” பிறகு கொஞ்சம் குரல் இறங்கியது. “செக்குல நானும் அண்ணாச்சியும்தான் கையெழுத்துப் போடணும். நீங்க போடக்கூடாது.”

“சரி” என்றேன்.

“உங்களுக்குச் சம்பளம். ஆபரேட்டர் சம்பளம். வேற ஆள் வச்சா அதுக்கும் காசு வேணுமேன்னு நான்தான் சொன்னேன். கேக்காமச் சொல்லிட்டேன்.”

மார்புக்குள் எதுவோ கிழிந்த மாதிரியும் இருந்தது, இறுக்கிக் கட்டியிருந்ததை யாரோ அவிழ்த்துவிட்ட மாதிரியும் இருந்தது. இரண்டில் எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. முதலாளி என்று கூப்பிடுகிறவர்கள் நாளையிலிருந்து எப்படிக் கூப்பிடுவார்கள்? ரெமிஸண்ணன் என்பார்கள். அப்படித்தானே முன்னாலும் கூப்பிட்டார்கள். மார்க்கெட்டில் யாரைப் பார்த்தும் குனிய வேண்டியதில்லை. வாழைக்காயை நோண்ட வேண்டியதில்லை. அண்ணாச்சி கடைக்கு முன்னால் நடந்து போகலாம். அவமானம் இருக்கும், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் பகல் வெளிச்சத்தில் நடமாடக்கூடிய அவமானம். அதோடு இருந்துகொள்ளலாம் என்று தோன்றியது.

“புதுச எப்ப நிறுத்தணும்?” என்றேன்.

“இன்னைக்கே நிறுத்திட்டா கரண்டாவது மிஞ்சும்.”

எழுந்து போனேன். அவளும் பின்னால் வந்தாள். நானாகத்தான் நிறுத்த வேண்டும் என்று இருந்தது, ஆபரேட்டரைக் கூப்பிடவில்லை, இனி ஆபரேட்டர் நான்தானே. வால்வுகளை ஒவ்வொன்றாக அடைத்தேன். கை தானாகப் போயிற்று, எதை முதலில் அடைப்பது எதைப் பிறகு என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சுவிட்சைத் தட்டினேன். பெரிய சக்கரம் உடனே நிற்கவில்லை, கொஞ்ச நேரம் தன்பாட்டுக்குச் சுற்றியது, சுற்றிச் சுற்றித் தளர்ந்து, கடைசியில் ஒரு தடவை பின்னுக்கு அசைந்து நின்றது. மெஷின் கழுத்தில் காய்ந்த பூச்சரம் ஒன்று தொங்கியது, ஆயுத பூஜைக்கு லோடுமேன்கள் போட்டது. அதை எடுத்துக் கீழே போட்டேன்.

பழைய மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பெல்ட்டின் இணைப்பு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டு தட்டிக்கொண்டு போவது தனியாகக் கேட்டது. வெளியே ரோட்டில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள், அதுவும் கேட்டது. கூரைக்கு மேலே காக்கை நடப்பதுகூடக் கேட்டது. ஜெனோவா எனக்கு இரண்டடி தள்ளி, சுவரில் சாய்ந்து நின்றாள்.

“நாளைக்குக் காலையில நானே வந்து டின்னெல்லாம் கழுவிருதேன்” என்றேன். “பாதிக்கு மேல அழுக்கா கெடக்கு. கழுவாம ஊத்தினா கலர் மாறிரும்.”

அவள் என்னைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து நின்றது.

“ஏன் கத்துதிய?” என்றாள். “மெதுவாச் சொல்லுங்க. கேக்குது.”